பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.கள்: காத்திருப்பதா, ரீமேக் வாங்குவதா, ரசிகர் பேட்ச் போடுவதா?

'செய்கென் டென்செட்ஸு 3' என்ற கேம் ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு வெளியானது 1995 செப்டம்பரில். அதிகாரப்பூர்வ ஆங்கிலத்தில் வந்தது 2019 ஜூனில். நடுவில் 24 வருடம் ஓடிவிட்டது. பத்து வயதில் அதற்கு ஆசைப்பட்ட பையனுக்கு அது வந்தபோது பத்து வயதில் பிள்ளை இருந்திருக்கும். ஆனால் அவர்களில் பலர் சும்மா காத்திருக்கவில்லை. 2000-இலேயே ஒரு சிறு ரசிகர் குழு ஆங்கில பேட்ச் ஒன்றை, அதாவது கேமின் எழுத்தை மாற்றும் சிறு கோப்பை, வெளியிட்டுவிட்டது. அதைப் போட்டு ஆடி முடித்துவிட்டார்கள்.

இன்று அந்த கேமை ஆங்கிலத்தில் ஆட நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு: அந்த ரசிகர் பேட்ச், 2019-இல் வந்த 'கலெக்‌ஷன் ஆஃப் மானா' தொகுப்பு (மானா என்பது இந்தத் தொடரின் ஆங்கிலப் பெயர்), 2020-இல் வந்த 3டி ரீமேக், அதாவது புதிதாகச் செய்த பதிப்பு. எல்லாப் பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்கும் (கதாபாத்திரங்களை வளர்த்துக்கொண்டே கதையில் பயணிக்கும் கேம் வகை) இந்தக் கொடுப்பினை இல்லை. சிலவற்றுக்கு ரீமாஸ்டர் (பழையதையே மெருகேற்றிய பதிப்பு) மட்டும் இருக்கிறது, சிலவற்றுக்கு ரசிகர் பேட்ச் மட்டும், சிலவற்றுக்கு வெறும் நம்பிக்கை மட்டும். மறுவெளியீட்டு அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், எதை இப்போதே வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருப்பதே வீண் என்று பிரித்துப் பார்க்கலாம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை கேம்களில் நாம் செய்வது பாதி சண்டை, பாதி வாசிப்பு. நாற்பது மணி நேரம் ஓடும் கேம் என்றால் அதில் பெரும்பகுதி ஊர்க்காரர்களிடம் பேசுவதும், அவர்கள் சொல்வதைப் படிப்பதும்தான். அதனால் ட்ரெய்லரில் தெரியும் தண்ணீரின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், ஆங்கில எழுத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். பழையதைத் தூசு தட்டியதா, புதிதாக எழுதியதா, இன்னும் எழுதவே தொடங்கவில்லையா? காத்திருப்பு பலிக்குமா என்பதைக்கூட பெரும்பாலும் இந்தக் கேள்விதான் சொல்லிவிடுகிறது.

செய்கென் 3-இலிருந்தே தொடங்குவோம். மூன்று வழிகளையும் ஒரே கதையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கதையில் ஆறு நாயகர்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக் கிளம்ப வேண்டும். யாரை முதல் ஆளாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து கடைசி வில்லன் மாறுவார். மொத்தம் மூன்று வில்லன் கிளைகள். ஒவ்வொரு ஆளும் 18-ஆவது லெவலில் ஒளி அல்லது இருள் என்று ஒரு பக்கம் சாய வேண்டும், 38-ஆவது லெவலில் மறுபடியும் ஒருமுறை. மூலத்தில் எடுத்த முடிவு எடுத்ததுதான், திரும்ப வழியில்லை. மேல் வகுப்புக்கு, அதாவது ஆளின் அடுத்தகட்டப் போர்த்தொழிலுக்கு, தேவையான பொருளும் விதையைத் தொட்டியில் நட்டு, எது முளைக்கிறது என்று பார்க்கிற அதிர்ஷ்ட விளையாட்டு. சண்டையில் யாராவது மந்திரம் போட்டால் அது முடியும்வரை மற்ற எல்லோரும் அப்படியே நிற்பார்கள். கேமின் பிற்பகுதியில் எதிரிகளும் மாற்றி மாற்றி மந்திரம் போடும்போது, நாம் ஆடுகிறோமா வேடிக்கை பார்க்கிறோமா என்று சந்தேகம் வரும்.

'கலெக்‌ஷன் ஆஃப் மானா' இந்த மூலத்தை அப்படியே தருகிறது. எம்2 என்ற நிறுவனம் செய்த தொகுப்பு. பழைய கேம்களைச் சேதாரமில்லாமல் புதிய கன்சோலுக்குக் கொண்டுவருவதில் பேர் போனவர்கள். எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யும் வசதி, பாட்டுகளைத் தனியாகக் கேட்கும் வசதி என்று சேர்த்திருப்பது கொஞ்சம்தான். ஆனால் ஆங்கிலம் புதிது, முறையானது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் மட்டுமே உண்டு என்பது ஒரு குறை.

ரீமேக் வேறு பிராணி. கேமராவை நாமே சுற்றலாம், குதிக்கலாம், மந்திரத்துக்காக யாரும் நிற்க வேண்டாம். தவறான வகுப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரு பொருளைச் செலவழித்து மாற்றிக்கொள்ளலாம். கதை முடிந்த பிறகு நான்காவதாக ஒரு வகுப்பும் உண்டு. ஹிரோகி கிகுடாவின் இசை புதிய இசைக்கோப்பில் வருகிறது; பழையதுதான் வேண்டும் என்றால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலக் குரல் நடிப்புதான் சிக்கல். சின்னப் பெண் மாதிரி மழலை பேசும் ஷார்லட்டை எழுத்தில் படிக்கும்போது சிரிப்பு வரும். முப்பது மணி நேரம் காதில் கேட்டால் வேறு உணர்ச்சி வரும். குரலை ஜப்பானியத்துக்கு மாற்றிவிட்டு ஆங்கிலத்தைப் படித்துக்கொள்வதே உத்தமம். பெரிய இழப்பு, ரீமேக்கில் ஒருவர் மட்டும்தான் ஆட முடியும்.

ரசிகர் பேட்ச்? 2000-இல் அது ஒரு சாதனை. கேமின் உள்ளே எழுத்துகள் சுருக்கப்பட்டு வைக்கப்பட்டிருந்ததைப் பிரித்தெடுப்பதே பெரிய வேலையாக இருந்தது. இன்றும் ஆட முடியும், படிக்கவும் நன்றாகவே இருக்கும். ஹாக், லிஸ், கார்லி என்று அதில் வரும் பெயர்கள்தான் ஒரு தலைமுறை ரசிகர்களின் வாயில் பதிந்திருக்கின்றன. அதிகாரப்பூர்வ பதிப்பில் அவர்கள் ஹாக்ஐ, ரீஸ், ஷார்லட். ஆனால் முறையான மொழிபெயர்ப்பு கடையில் கிடைக்கும்போது பேட்ச்சைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. தனியாக ஆடுபவர், முதல்முறை ஆடுபவர் என்றால் ரீமேக். அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்று ஜோடியாக உட்காருபவர்களுக்கு கலெக்‌ஷன்.

இந்த கேமின் வரலாற்றில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்தத் தொகுப்பு ஜப்பானில் 2017 ஜூனிலேயே வந்துவிட்டது. இரண்டு வருடம் மேற்கத்திய ரசிகர்கள் 'ஆங்கிலத்தில் தருவீர்களா' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். தொகுப்பில் உள்ள மற்ற இரண்டு கேம்களுக்கும் தொண்ணூறுகளிலேயே ஆங்கிலம் இருந்தது. தடையாக நின்றது மூன்றாவது மட்டும். அதற்கு எழுத்தைப் புதிதாக உருவாக்க வேண்டும். பிறகு 2019-இன் ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில் அறிவித்தார்கள், அன்றைக்கே விற்பனைக்கும் வந்துவிட்டது. கூடவே ரீமேக்கையும் அறிவித்தார்கள். ஒரு மொழிபெயர்ப்பு வேலை இரண்டு பொருளுக்கு உதவும் என்ற கணக்கு வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது என்பது என் ஊகம்.

சரி, அடுத்து ஃபைனல் ஃபேண்டஸி. இங்கே பிரச்சினை நேர் எதிரானது: பதிப்புகள் அளவுக்கு அதிகம். முதல் ஆறு பாகங்களுக்கும் 'பிக்ஸல் ரீமாஸ்டர்' என்ற பெயரில் 2021 ஜூலையிலிருந்து 2022 பிப்ரவரிக்குள் ஸ்டீம் என்ற கணினி கேம் கடையிலும் ஃபோனிலும் புதிய பதிப்புகள் வந்தன. கன்சோல்களில் 2023 ஏப்ரலில் வந்தபோதுதான் அவை முழுமையடைந்தன. முதலில் வந்த பதிப்பில் ஆங்கில எழுத்துரு மெலிந்து, நெருக்கி அடித்துக்கொண்டு, கட்டம் கட்டமான படங்களுக்கு நடுவே அலுவலகப் படிவத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல இருந்தது. ரசிகர்கள் விடாமல் திட்டினார்கள். கன்சோல் பதிப்பில் பழைய பாணி எழுத்துரு, பழைய இசை, திடீர்ச் சண்டைகளை நிறுத்தி வைக்கும் வசதி, அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்குவரை கூட்டும் வசதி எல்லாம் வந்து சேர்ந்தன. மறுவெளியீட்டை முதல் நாளே வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம். வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுபவர்களுக்கு அந்தச் சண்டை நிறுத்தும் பொத்தான் ஒன்றே காசுக்குத் தகும்.

ஆறாம் பாகத்தை எடுத்துக்கொண்டால் ஆங்கிலம் எப்படி மாறியது என்று நன்றாகத் தெரியும். 1994-இல் அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேண்டஸி 3' என்ற பெயரில் அது வந்தது, ஏனென்றால் நடுவிலிருந்த பாகங்களில் மூன்றை அங்கே வெளியிடவே இல்லை. டெட் வூல்ஸி என்ற ஒரே மொழிபெயர்ப்பாளர் சுமார் ஒரு மாதத்தில் முடித்த வேலை. கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு. ஜப்பானியத்தில் நான்கு எழுத்தில் அடங்குவது ஆங்கிலத்தில் பத்தாகும். நின்டெண்டோவின் தணிக்கை வேறு. அதனால் வெட்டினார், சுருக்கினார், இடம் கிடைத்த இடத்தில் தன் நகைச்சுவையையும் நுழைத்தார். கோமாளி வில்லன் கெஃப்கா ஆங்கிலத்தில் அவ்வளவு ரசிக்கப்பட்டதில் வூல்ஸிக்குப் பங்கு உண்டு. கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பு 2007-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது எழுத்தை மூலத்துக்கு நெருக்கமாகத் திருத்தி எழுதினார்கள், ஆனால் வூல்ஸியின் புகழ்பெற்ற வரிகளில் சிலவற்றைக் கை வைக்காமல் விட்டார்கள். பிக்ஸல் ரீமாஸ்டர் அந்தத் திருத்தப்பட்ட எழுத்தின் வழியில்தான் போகிறது. அதோடு பெயர் பெற்ற ஓபரா காட்சியில் இப்போது உண்மையான குரலில், பல மொழிகளில் பாடுகிறார்கள். அட்வான்ஸ் பதிப்பில் கூடுதலாகச் சேர்த்த குகைகளும் எதிரிகளும் மட்டும் இதில் இல்லை. முதல்முறை ஆடுபவர் அதற்காக வருந்தத் தேவையில்லை.

ஆனால் எரிச்சலூட்டும் ஒன்று உண்டு. பிக்ஸல் ரீமாஸ்டர் வருவதற்கு வழிவிட, ஐந்தாம் ஆறாம் பாகங்களின் முந்தைய பதிப்புகளை ஸ்டீம் கடையிலிருந்து 2021 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்புகளின் படங்கள் பார்க்கச் சகிக்காது என்பது உண்மைதான். அதற்காக எதை வாங்கலாம் என்ற முடிவைக் கடைக்காரரே எடுத்துவிடுவதா? மறுவெளியீடு என்பது எப்போதும் சேர்ப்பு மட்டுமல்ல, சில சமயம் முந்தையதை அழித்துவிட்டுத்தான் அது வருகிறது.

மூன்றாவது வகை, எச்.டி-2டி. பழைய கட்டம் போட்ட மனிதர்கள், அவர்களைச் சுற்றி முப்பரிமாண மரமும் நிழலும். 2018-இன் 'ஆக்டோபாத் டிராவலர்' தொடங்கி வைத்த பாணி இது. இதில் 'லைவ் எ லைவ்' எனக்குப் பிடித்த கதை. 1994-இல் தகாஷி டோகிடா இயக்கியது. கற்காலத்திலிருந்து விண்வெளிக்காலம்வரை தனித்தனி அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்ட விதி. பாத்திரங்களை வரைந்தவர்கள் கோஷோ அயோயாமா உள்ளிட்ட மங்கா ஓவியர்கள். ரீமேக்குக்கு ஓவியங்களை வேறொருவர் புதிதாக வரைந்தார். 2022 ஜூலையில் ஸ்விட்ச்சில் உலகமெங்கும் ஒரே நாளில் வந்தது, அடுத்த வருடம் பிளேஸ்டேஷனுக்கும் பி.சி.க்கும். 28 வருடம் கழித்து முதல் அதிகாரப்பூர்வ ஆங்கிலம். கற்கால அத்தியாயத்தில் யாருக்கும் பேச்சே வராது, உறுமலும் சைகையும்தான். அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் 1994-இலேயே யார் வேண்டுமானாலும் ஆடியிருக்கலாம்!

ரசிகர் பேட்ச் இதற்கும் பல வருடங்களாக இருந்தது. ரீமேக் வந்த பிறகு அதற்குத் தேவை போய்விட்டது. கதை, வரைபடம், சண்டையின் எலும்புக்கூடு எல்லாம் மூலத்தில் உள்ளபடி இருக்க, மேல்தோல் மட்டும் மாறிய நேர்மையான ரீமேக் இது. 2024 நவம்பரில் வந்த 'டிராகன் குவெஸ்ட் 3' எச்.டி-2டி கொஞ்சம் தாராளமானது. புதிய வகுப்பு ஒன்று, புதிய நிகழ்வுகள், மூன்று கடினநிலைகள். எளிதான நிலையில் நம் ஆட்களின் உயிர்ப்புள்ளி ஒன்றுக்குக் கீழே இறங்கவே இறங்காது. 1988-இன் மூலத்தை இன்று நேரடியாக ஆடச் சொன்னால் பெரும்பாலானோர் இரண்டாவது ஊரிலேயே கைவிட்டுவிடுவார்கள், அதனால் இந்தத் தாராளத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கதைக் காலப்படி மூன்றாவதுதான் முதலில் நடக்கிறது. 2025 அக்டோபரில் ஒன்றும் இரண்டும் அதே பாணியில் சேர்ந்து வந்தன. இந்த வரிசையிலேயே ஆடுங்கள்.

எல்லா மறுவெளியீடும் இப்படி அமைவதில்லை. 'க்ரோனோ ட்ரிக்கர்' 2018 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தபோது, ஃபோனுக்குச் செய்த பெரிய பெரிய பொத்தான்கள் கணினித் திரையில் உட்கார்ந்திருந்தன. சில மாதங்களில் பல அப்டேட்டுகள் போட்டுத்தான் அதை மனிதர் பார்க்கும்படி ஆக்கினார்கள். இப்போது அது நல்ல பதிப்பு. 2022-இன் 'க்ரோனோ க்ராஸ்' ரீமாஸ்டர் அசல் பிளேஸ்டேஷனைவிடத் தடுமாறி ஓடியது, அடுத்த வருட அப்டேட்டில்தான் சரியானது. ஆனாலும் அதற்குள் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: சூப்பர் ஃபேமிகாமுக்குச் செயற்கைக்கோள் வழியாக 1996-இல் ஒளிபரப்பிய 'ராடிகல் ட்ரீமர்ஸ்' என்ற எழுத்து கேம், முதல்முறையாக அதிகாரப்பூர்வ ஆங்கிலத்தில். இதை மட்டும் படிப்பதற்காகவே அந்தத் தொகுப்பை வாங்கலாம்.

'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' கதை இன்னும் சுவாரசியம். 1997-இன் மூல நிரல் கேமைச் செய்த நிறுவனத்திடமே பத்திரமாக இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மறுவெளியீட்டுக்கு, பழைய பதிப்புகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. முழுக் குரல் நடிப்போடு மெருகேற்றிய பதிப்பு ஒன்று, பழைய தோற்றத்தில் ஒன்று என இரண்டையும் ஒரே பெட்டியில் தருகிறார்கள். பி.எஸ்.பி. என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பில் சேர்த்த கூடுதல் பாத்திரங்கள் இதில் இல்லை. குரல் நடிப்புக்காகப் புதிதாகச் செதுக்கப்பட்ட வசனங்கள் இந்த அரசியல் கதைக்கு அழகாகப் பொருந்துகின்றன. இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது அதிகாரப்பூர்வ ஆங்கிலமே இல்லாதவை. இங்கேதான் ரசிகர் பேட்ச்சா, காத்திருப்பா என்ற உண்மையான கேள்வி வருகிறது.

பேட்ச் என்பது முழு கேம் அல்ல, மூலத்தில் எங்கெங்கே எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் சிறிய கோப்பு. கேமின் ரோம் கோப்பை (கார்ட்ரிட்ஜின் நகல்) நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், அதன்மேல் இதைப் போட்டு, பழைய கன்சோல் மாதிரி நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் ஆட வேண்டும். ரோமை இணையத்தில் இறக்குவது காப்புரிமை மீறல் என்பதில் சந்தேகமில்லை. சொந்த கார்ட்ரிட்ஜிலிருந்து எடுப்பதன் நிலை நாட்டுக்கு நாடு மாறும். ரோமின் பதிப்பு பேட்ச் கேட்கும் பதிப்பாக இல்லாவிட்டால் கேம் தொடங்காமலே போகலாம், அல்லது எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குப்பை தெரியலாம். பேட்ச்சோடு வரும் குறிப்பில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் தொடங்க வேண்டாம்.

தரம்? பணம் வாங்கிச் செய்ததைவிட ரசிகர்கள் செய்தது நன்றாக இருந்த சமயங்களும் உண்டு. 1995-இன் 'டேல்ஸ் ஆஃப் ஃபேண்டேஸியா'வுக்கு 2001-இல் ரசிகர் மொழிபெயர்ப்பு வந்தது. 2006-இல் கேம்பாய் அட்வான்ஸில் அதிகாரப்பூர்வமாக வந்தபோது, ராக்னராக் என்று வர வேண்டிய இடத்தில் கங்காரு என்று அச்சிட்டிருந்தார்கள். உலக முடிவைப் பற்றிப் பேசும் இடத்தில் கங்காரு குதித்தால் கதை என்னவாகும்? அதிகாரப்பூர்வம் என்ற முத்திரை தரத்துக்கான உத்தரவாதம் இல்லை.

பேட்ச்சே அதிகாரப்பூர்வமான கதையும் உண்டு. ஃபால்காம் நிறுவனத்தின் ட்ரெயில்ஸ் தொடரில் 'ஸீரோ' 2010-இலும் 'அஸூர்' 2011-இலும் ஜப்பானில் வந்தன. ஆங்கிலத்திலோ அவற்றைத் தாண்டி, அடுத்து நடக்கும் 'கோல்ட் ஸ்டீல்' 2015-இலேயே வந்துவிட்டது. நடுவில் இரண்டு புத்தகம் காணாமல் போன நாவல் மாதிரி ஆங்கில வாசகர்கள் விழித்தார்கள். ஜியோஃப்ரண்ட் என்ற ரசிகர் குழு 'ஸீரோ'வை 2020-இல் மிகத் தேர்ந்த தரத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. பதிப்பாளரான என்.ஐ.எஸ். அமெரிக்கா வழக்குப் போடவில்லை, அந்த மொழிபெயர்ப்பையே உரிமம் பெற்று வாங்கிக்கொண்டது. 'ஸீரோ' 2022 செப்டம்பரில், 'அஸூர்' 2023 மார்ச்சில் கடைக்கு வந்தன. இந்தத் தொடரில் ஒவ்வொரு கேமும் தலையணை தலையணையாக எழுத்து. 'ட்ரெயில்ஸ் இன் த ஸ்கை'யின் இரண்டாம் பாகம் ஜப்பானில் 2006-இல் வந்து ஆங்கிலத்துக்கு 2015 அக்டோபரில்தான் வந்ததற்கு அந்த எழுத்தின் பாரமும் ஒரு காரணம். தயாராக இருந்த மொழிபெயர்ப்பு கிடைத்ததும் கணக்கு மாறிவிட்டது.

ஆங்கிலம் கைவசம் இருந்தால் கதவு திறக்கும் என்பதற்கு இன்னும் சாட்சிகள் உண்டு. 2011-இல் 'ஆபரேஷன் ரெயின்ஃபால்' என்ற ரசிகர் இயக்கம் நின்டெண்டோவின் வீ கன்சோலின் மூன்று ஆர்.பி.ஜி.களை அமெரிக்காவுக்குக் கேட்டது: 'ஸீனோபிளேட் கிரானிக்கிள்ஸ்', 'த லாஸ்ட் ஸ்டோரி', 'பண்டோராஸ் டவர்'. மூன்றும் 2012, 2013-இல் வந்து சேர்ந்தன. இயக்கத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள், நியாயம்தான். ஆனால் மூன்றையும் ஐரோப்பாவுக்காக ஆங்கிலத்தில் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1989-இன் 'மதர்' கேமுக்கும் அப்படித்தான்: தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஆங்கிலம் தயாராகி, வெளியாகாமல் கிடப்பில் போட்டார்கள். 2015 ஜூனில் 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்ற பெயரில் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் கணக்கை முகத்தில் அடித்துப் பொய்யாக்குவது 'மதர் 3'. ஷிகெசாடோ இடோயியின் இந்த கேம் 2006 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மேண்டலின் தலைமையில் 2008 அக்டோபரில் ரசிகர் பேட்ச் வந்தது. 2013-இல் தன் மொழிபெயர்ப்பை நின்டெண்டோ இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர் அறிவித்தார். அதன் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஸ்விட்ச்சின் சந்தா சேவையில் கேம் சேர்ந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும். எழுத்து கைவசம் இருந்தாலும் உரிமையாளர் மனம் வைத்தால்தான் நடக்கும். ஃபால்காம் மாதிரி சின்ன நிறுவனத்துக்கு வெளியாரின் உழைப்பு வரம். நின்டெண்டோவுக்கு அது தேவையே இல்லாத தலைவலி.

ஆகவே மதர் 3-க்காகக் காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: இலவு காத்த கிளியாக இருக்காதீர்கள். அந்தப் பேட்ச் வெறும் எழுத்து மாற்றம் அல்ல. பாத்திரங்களின் பேச்சுத்தொனி, கடைப் பொருள்களின் குறும்பான விவரிப்பு, ஊர்ப் பலகைகள்வரை கவனித்துச் செய்திருக்கிறார்கள். சண்டையில் பின்னணிப் பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பொத்தானைத் தட்டினால் ஒரே அடி 16 அடிவரை நீளும். எமுலேட்டரில் ஒலி கொஞ்சம் தாமதமானாலும் இது கெட்டுவிடும். அதனால் ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், ஒயர் வைத்ததே போடுங்கள்.

காத்திருப்பது லாபம் தரும் இடமும் உண்டு. அறிவிப்பு வந்துவிட்ட கேமுக்குக் காத்திருக்கலாம், தேதி தள்ளிப்போனாலும். 'சுய்கோடென்' முதல் இரண்டு பாகங்களின் ரீமாஸ்டரை 2022 செப்டம்பரில் அறிவித்து 2023-இல் தருவதாகச் சொன்னார்கள். வந்ததோ 2025 மார்ச்சில். எரிச்சல்தான், ஆனால் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்ட இரண்டாம் பாகத்தின் பழைய டிஸ்க்கைத் தேடி அலைந்ததைவிட இது மேல். ஒரு தொடரில் ஒரு பாகம் ஆங்கிலத்துக்கு வந்து, அடுத்ததும் வந்திருந்தால் மூன்றாவதை நம்பலாம். 'ரொமான்ஸிங் சாகா 2' கன்சோல்களுக்கு 2017-இல், 'ரொமான்ஸிங் சாகா 3' 2019-இல், பிறகு இரண்டாம் பாகத்தின் முழு ரீமேக் 2024 அக்டோபரில் உலகம் முழுக்க ஒரே சமயத்தில். சாகா தொடரை மேற்கில் யாரும் சீண்ட மாட்டார்கள் என்று ஒரு காலத்தில் சத்தியம் செய்திருப்பேன்.

வந்த பிறகு தூங்கிவிடவும் கூடாது. 1990-இன் முதல் 'ஃபயர் எம்பளம்' 2020 டிசம்பரில் முதல்முறையாக ஆங்கிலத்தில் வந்தது, 2021 மார்ச் 31-ஆம் தேதியோடு கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முப்பது வருடம் காத்திருந்தவருக்கு வாங்கக் கிடைத்தது நான்கே மாதம். 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் ஆன்லைன் கடைகள் மூடியபோது இன்னும் பல கேம்கள் அப்படிப் போயின.

ஜப்பானியப் பதிப்பையே வாங்கி ஃபோன் கேமரா மொழிபெயர்ப்பில் ஆடலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான ஃபேமிகாம் கேம்களில் எழுத்து முழுக்க ஒலிக்குறிகளாக இருக்கும், பொருளைக் காட்டும் கான்ஜி என்ற சீன எழுத்துகள் வராது. ஒரே ஒலிக்குப் பல பொருள் உண்டாகையால் ஃபோன் திணறி எதையோ உளறும். மெனுக்களுக்கு உதவும், கதைக்கு உதவாது. பிளேஸ்டேஷன் காலத்துக்குப் பிந்தைய கேம்களில் எழுத்து தெளிவாக இருப்பதால் நிலைமை தேவலாம், அவ்வளவுதான்.

அப்புறம், எந்தப் பட்டியலிலும் சேராதவை. 'டெர்ரானிக்மா'வுக்கு 1996-இலேயே ஐரோப்பாவுக்காக நல்ல ஆங்கிலம் செய்தார்கள். அமெரிக்காவுக்கு வரவில்லை, இன்றுவரை மறுவெளியீடும் இல்லை. எழுத்து தயாராக இருப்பதால் இதன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பேன். 'பஹாமுட் லகூன்' வேறு. 1996-இல் வந்தது, டிராகன்களுக்குக் கையில் உள்ள வாள், கேடயம், மூலிகை எதை வேண்டுமானாலும் தின்னக் கொடுத்து வளர்க்கும் அழகான கேம். அதிகாரப்பூர்வ ஆங்கிலம் எங்கும் இல்லை, 2021-இல் புதிதாகச் செய்த ரசிகர் மொழிபெயர்ப்பு அருமையாக இருக்கிறது. இதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள். இளவரசி யோயோவின்மேல் மட்டும் ரொம்பப் பிரியம் வைத்துவிடாதீர்கள்.